சட்டப் பாடங்களுக்கு நல்ல பயிற்சிக் கேள்விகள் எங்கே கிடைக்கும்?

வணக்கம். சட்டம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். புத்தகத்தைப் படிக்கும்போது எல்லாம் புரிகிறது, மூடிவிட்டு ஒரு கேள்வியைப் பார்த்தால் கை ஓடவில்லை.

உதாரணத்துக்கு, ஒப்பந்தச் சட்டத்தில் கடைச் சன்னலில் விலைச்சீட்டோடு வைத்த பொருள் முன்மொழிவு ஆகாது, முன்மொழிய விடுக்கும் அழைப்புதான் என்பது ஃபிஷர் எதிர் பெல் வழக்கு. மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் அதே சீட்டில் 'முதலில் வரும் ஐந்து பேருக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தால்? விளம்பரமே முன்மொழிவு ஆகலாம் என்ற 1893-இன் கார்லில் வழக்கின் பக்கம் சாய வேண்டுமா? அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது இப்படிச் சங்கதிகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கும் பயிற்சி. தவறான விடையைத் தொட்டால் அது ஏன் தவறு என்றும் சொல்ல வேண்டும். 'எந்தப் பிரிவு, எந்த ஆண்டு' வகைக் கேள்விகள் வேண்டாம், அவை குவிந்து கிடக்கின்றன. அரட்டைச் செயலி ஒன்றிடமும் கேட்டுப் பார்த்தேன். இல்லாத வழக்கு ஒன்றைத் தீர்ப்போடு சொன்னது. தேடியே அரை நாள் போச்சு!

1982-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'காலி' (CALI) என்ற சட்டக் கல்வி அமைப்பின் கணினிப் பாடங்களை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? (பெயரைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.) வேறு நாட்டில் படிப்பவர்களுக்கு அதில் எந்தப் பாடங்கள் பொருந்தும்? ஒப்பந்தம், தீங்கியல், சான்றுச் சட்டம் மூன்றும்தான் அவசரம். அப்புறம், நீங்களே தயாரித்த கேள்விகள் இருந்தாலும் பகிருங்கள், நானும் என்னுடையதைத் தருகிறேன்.