பிரேசில் புவியியலில் மோன்பெக்கின் பங்கு: உண்மையா, மிகையா?

கேள்வி:
பிரேசிலில் புவியியல் ஒரு துறையாக வளர்ந்ததே பிரெஞ்சுக்காரர்களால்தான் என்று படித்தேன். அதிலும் பியர் மோன்பெக் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வெளியிலிருந்து போன ஒருத்தரால் அவ்வளவு செய்துவிட முடியுமா, இல்லை ஏற்றிச் சொல்கிறார்களா?

பதில் 1:
போனது ஒருத்தர் இல்லை. சாவ் பாவ்லோ பல்கலைக்கழகம் 1934இல் தொடங்கியதும் பாடம் நடத்த பிரான்சிலிருந்து ஒரு கூட்டமே போனது, மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ், வரலாற்றாசிரியர் பிரோடேல் உட்பட. புவியியலுக்கு முதலில் வந்தவர் தெஃபோந்தேன். அதே ஆண்டில் பிரேசில் புவியியலாளர் சங்கத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, கொஞ்ச நாளில் ரியோவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு 1935இல் வந்த மோன்பெக்குக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை, ஆனால் மனிதர் 1946 வரை அங்கேயே இருந்தார், அதுதான் விஷயம். காபித் தோட்டம் காட்டை அழித்துக்கொண்டே மேற்கே நகர்ந்த பகுதிகளை நேரில் போய்ப் பார்த்து, ரயில் பாதை, நிலத்தைத் துண்டு போட்டு விற்ற கம்பெனிகள், சத்து தீர்ந்த மண், திடீரென முளைத்த ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கதையாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆறு, மலை, தலைநகரம் என்று ஒப்பிக்கும் புவியியலிலிருந்து இது ரொம்ப தூரம்.

பதில் 2:
அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி பேசாதீர்கள். பிரேசில் புவியியலாளர் டெல்காடோ டி கார்வாலியோ 1913லேயே மாநில எல்லைகளை ஓரம் வைத்து, பிரேசிலை இயற்கைப் பகுதிகளாகப் பிரித்து எழுதிவிட்டார். (அவர் பிறந்தது பாரிஸில், அது வேறு விஷயம்!)

பதில் 3:
ஏன் பிரெஞ்சுக்காரர்களோடு நிறுத்திவிட்டீர்கள்? மனைவி யூதர் என்பதால் 1937இல் நாஜி ஆட்சியில் பான் பல்கலைக்கழக வேலையை இழந்த ஜெர்மானியப் புவியியலாளர் லியோ வைபல், அமெரிக்கா வழியாக 1946இல் பிரேசில் வந்தார். வகுப்பறைக்கு இல்லை, அரசின் தேசியப் புவியியல் கவுன்சிலுக்கு. தெற்கில் ஐரோப்பியர் குடியேறிய நிலங்களில் விவசாயம் ஏன் தேய்கிறது என்று தேடினார், பிரேசிலின் புதிய தலைநகருக்கு (பின்னாளில் பிரேசிலியா) நடுப் பீடபூமியில் இடம் பார்க்கும் பணியிலும் இருந்தார். நான்கே வருடம்தான், ஆனால் ஒர்லாண்டோ வால்வெர்டே மாதிரி பிரேசில் புவியியலாளர்கள் அவரிடம் பயிற்சி பெற்று வந்தவர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, மோன்பெக்கை எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
சாவ் பாவ்லோவின் குடியேறிகளையும் தோட்டக்காரர்களையும் பற்றி 1952இல் வந்த ஆய்வு. எழுதியது பிரெஞ்சில். போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பு 1984இல்தான் வந்தது. அதற்குள் அவருடைய மாணவர்களே பேராசிரியர்களாகி ஒரு தலைமுறைக்குப் பாடம் எடுத்து முடித்திருந்தார்கள்.