அம்மாவின் எலும்பு ஊசி பிந்திவிட்டது, என்ன செய்யலாம்?

கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது, எலும்பு அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 3.2, அதாவது எலும்பு நன்றாக மெலிந்துவிட்டது. முதலில் அதற்கு அலெண்ட்ரோனேட் குளிசை 70 மி.கி., கிழமைக்கு ஒன்று. நெஞ்செரிவு தாங்காமல் விட்டாச்சு. அப்புறம் டெனோசுமாப் 60 மி.கி. ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருக்கா. மூன்று போட்டோம். நாலாவது கிடைக்கவில்லை. கிளிநொச்சி, வவுனியா பாமசி எல்லாம் ஏறி இறங்கிவிட்டேன். கடைசி ஊசி போட்டு இப்போது ஒன்பது மாதம்.

எலும்பைக் கரைக்கும் செல்களை எழுப்பிவிடும் ரேங்க்-எல் சமிக்ஞையைத்தான் இந்த ஊசி பிடித்து வைக்கிறதாம். பிடி விட்டால் கரைதல் முன்பைவிட வேகமாகும், முதுகெலும்பு நொறுங்கலாம் என்று வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இரண்டு கிழமையாகக் கிணற்றடியில் வாளிக்குக் குனிந்தால் நடுமுதுகைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். எக்ஸ்ரே நாளைக்குத்தான். கிளினிக் திகதியோ அடுத்த மாதம்.

இவ்வளவு பிந்திய பிறகு அதே ஊசியைத் தேடுவதா, அலெண்ட்ரோனேட் வகையிலேயே நாளத்தில் ஏற்றும் மருந்தான சொலெட்ரோனிக் அமிலத்துக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேட்பதா?