ஜமாஅத் பஞ்சாயத்தில் ஹஜ்ரத் பேசலாமா, கூடாதா?

பேட்டைக்காரன்:
எங்கள் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர்மக்கள்) கூட்டத்தில் போன வாரம் ஒரு தீர்மானம் வந்தது. பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் தொழ வைக்கணும், மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கணும், குடும்ப வழக்குகள் பேசும் ஜமாஅத் பஞ்சாயத்தில் வாய் திறக்கக் கூடாதாம். நான் எதிர்த்தேன், தோற்றேன்.

ஏழு வருஷம் ஹதீஸும் ஃபிக்ஹு என்ற மார்க்கச் சட்டமும் ஓதி ஸனது (பட்டம்) வாங்கி வந்தவரை நிக்காஹ் ஓதவும் ஃபாத்திஹா ஓதவும் மட்டும் வைத்துக்கொள்வதா? 1971இல் பாளையங்கோட்டையில் கல்லூரி தொடங்கியபோது காயல்பட்டினத்து ஆலிம் (மார்க்க அறிஞர்) சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரைத்தானே வைத்தார்கள்? சீறாப்புராணம் பாட வேண்டிய செய்திகளைக் கேட்டு உமறுப் புலவர் போய் நின்றது அவர் வாசலில் என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். படித்தவரை ஊர் தேடிப் போன காலம் அது.

கடையநல்லூரான்:
பாய், 17ஆம் நூற்றாண்டு மகானைக் காட்டி இன்றைய பஞ்சாயத்துக்கு நியாயம் கேட்காதீங்க. காஜி (முஸ்லிம் திருமணப் பதிவுகளைப் பார்க்கிறவரு) கொடுக்கிற தலாக் சான்று வெறும் கருத்துதான், சட்டப்படி செல்லாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2017லேயே சொல்லிட்டு. அதுக்குப் பிறகும் ஜமாஅத் லெட்டர்பேடில் முத்திரை குத்தினதை வாங்கி, அதுதான் முடிவுன்னு பெட்டியில பூட்டி வச்ச பெண்களை எனக்குத் தெரியும். ஹஜ்ரத்துக்கு மார்க்கம் தெரியும். கோர்ட்டு விவகாரம் தெரியுமா? தவறாச் சொன்னா யாரு பொறுப்பு? கமிட்டியையாவது அடுத்த தேர்தல்ல மாத்தலாம்.

பேட்டைக்காரன்:
ஆலிம் சொல்லும் மார்க்க விளக்கமான ஃபத்வா என்றாலே கருத்துதான், அதை எந்த ஆலிமும் மறுக்கமாட்டார். ஆனால் அந்தக் கருத்து ஒரு வீட்டில் என்ன செய்தது என்று கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் மவுத்தானார். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். வீடு 40 லட்சத்துக்கு விலைபோனது. "தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே, அவள் விட்டுக்கொடுக்கட்டும்" என்றார்கள் அண்ணன்மார். கமிட்டிக்காரர்களும் தலையாட்டினார்கள். அப்போதிருந்த ஹஜ்ரத் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார்: மனைவிக்கு எட்டில் ஒன்று, 5. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆகவே 14, 14, 7. "நகை வாப்பா கொடுத்த அன்பளிப்பு. இந்த ஏழு அல்லாஹ் வைத்த பங்கு. இதில் கைவைக்க எனக்கும் அதிகாரமில்லை, உங்களுக்கும் இல்லை" என்றார். அண்ணன்மார் பேசவில்லை. பணம் வந்தது.

அடுத்த ரமலானுக்குள் ஹஜ்ரத்தை அனுப்பிவிட்டார்கள். இப்போது வந்த தீர்மானத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தென்காசி சிவா:
குறுக்க வாரேன், மன்னிக்கணும் அண்ணாச்சி. எங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னா மஃரிப் முடியுற நேரம் பள்ளிவாசல் வாசல்ல தூக்கிக்கிட்டு நிப்போம்லா, தொழுதுட்டு வாரவங்க ஓதி ஊதுவாங்கன்னு. அந்த ஹஜ்ரத்மார் வருஷத்துக்கு ஒருத்தரா மாறிக்கிட்டே இருக்காங்க. ஏன்னு இப்பத்தான் விளங்குது.

பாளை வாசகி:
ரெண்டு பேரும் ஆளுக்கொரு நியாயம் சொல்றீங்க. அந்த மகள் அன்னிக்கு எங்க உக்காந்திருந்தா?

என் பெரியும்மாவோட விவகாரம் பள்ளி முன்மண்டபத்துல நடந்துச்சு. அவங்க எதிர் வீட்டுத் திண்ணையில, மடியில சொளவை வச்சு பீடி சுத்திக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல எட்டு வயசுப் பிள்ளையா நான். உள்ளே அவங்க புருஷன் பேசுறாரு, அவங்களுக்காகத் தம்பி பேசுறாரு. ஒரு இடத்துல "அவளுக்கும் சம்மதம்"னு சத்தம் கேட்டுச்சு. பெரியும்மா கை நின்னுபோச்சு. இலை சுருள் பிரிஞ்சு தூள் மடியில கொட்டினது இன்னும் கண்ணுல நிக்குது. அவங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. அங்கேயும் படிச்ச ஹஜ்ரத் இருந்தாரு, தேர்தல்ல வந்த கமிட்டியும் இருந்துச்சு.

புதுக்கோட்டையில ஷரீஃபா கானம் பெண்களுக்குன்னு தனி ஜமாஅத் தொடங்கினதை நீங்க எப்படி ஏசினாலும் சரி, ஏன் தொடங்கினாங்கன்னு எனக்குத் தெரியும்.

கடையநல்லூரான்:
லாத்தா, இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா ஹஜ்ரத்தைப் பேசவிட்டா இது சரியாயிடும்னு இன்னும் நான் நம்பலை. சம்பளம் கொடுக்கிற கைக்கு எதிராப் பேச எத்தனை பேரால முடியும்? பேட்டை பாய் சொன்னவரு ஒருத்தர், அவரும் வேலையை இழந்தாரு. பேசட்டும். ஆனா பேசினதுக்காக வேலையை விட்டு நிறுத்த மாட்டோம்னு கமிட்டி எழுதிக் கொடுக்கட்டும். கோர்ட்டுக்குப் போக உரிமை உண்டுன்னு வாரவங்ககிட்ட முதல்லயே சொல்லட்டும்.

பேட்டைக்காரன்:
அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டையும் எழுதிக் கொடுக்கிறேன். சம்பந்தப்பட்ட பெண் உள்ளே உட்கார்ந்து தானே பேசணும் என்பதை மூன்றாவதாகச் சேர்க்கிறேன். கையெழுத்துப் போட இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

பாளை வாசகி:
சந்தோஷம் காக்கா. கூட்டம் பள்ளி மாடியிலதானே நடக்கும்? அந்தப் படியில பெண்களை ஏற விடுவாங்களான்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க.