7.4 வோல்ட் என்றால் எவ்வளவு?

வெண்ணாற்று வாத்தியார்:
நீடாமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் லைன் ஃபாலோயர் போட்டி, அதாவது தரையில் போட்ட கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் ரோபோ வண்டிப் போட்டி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிப்போனேன். ஒரு பிள்ளையின் அப்பா குறுவை நடவை விட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

விதித்தாளில் 'பேட்டரி 7.4 வோல்ட்டுக்கு மேல் கூடாது' என்று ஒரு வரி. எங்களிடம் 18650 என்கிற, சார்ஜ் போடும் லித்தியம் அயன் செல் இரண்டு, தொடரிணைப்பில். மேலே 3.7 என்று அச்சடித்திருக்கிறது, கூட்டினால் 7.4. சரி என்று கிளம்பிவிட்டோம். பரிசோதனை மேசையில் மல்டிமீட்டரை வைத்தார்கள்: 8.31. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டதுதான் குற்றம்!

வோல்ட்டைக் குறைத்துக் கொண்டுவர 20 நிமிடம் தந்தார்கள். வாசல் காவலாளி தன் பைக்கின் இண்டிகேட்டர் பல்பைக் கழற்றிக் கொடுத்தார். அதைச் செல்லில் மாட்டி எரியவிட்டோம். எரியும்போது 7.8; எடுத்ததும் மறுபடி 8-க்கு ஏறிவிடும். வயரிங் செய்த பெண் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?

முன்னாள் நடுவர்:
எழுதியிருக்கிறபடி பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான் சார். லித்தியம் அயன் செல்லில் 3.7 என்பது பெயரளவு, அதாவது செல்லுக்குக் குறிப்பிடும் சராசரி வோல்ட். முழு சார்ஜில் 4.2. இரண்டு சேர்ந்தால் 8.4. 'பெயரளவா, முழு சார்ஜா' என்று முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக் ரோபோ போட்டியில் மோட்டார் நான்குக்கு மேல் கூடாது என்பார்கள். எண்ணிப் பார்த்தால் முடிந்தது, தகராறு இல்லை. ஆனால் அங்கே லெகோ பாகம் மட்டும்தான். அந்தக் காசுக்கு நாம் எங்கே போவது!

கும்பகோணம் ரேடியோ கடை:
பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் மோட்டாரை ஓட்டும் பலகை, அந்த மோட்டார் டிரைவர் என்ன போட்டீர்கள் வாத்தியாரே? எல்298என் என்றால் அதுவே 2 வோல்ட் தின்றுவிட்டுச் சூடாகி உட்கார்ந்திருக்கும். 8.3 கொடுத்தாலும் மோட்டாருக்குப் போவது 6 சொச்சம். டிபி6612 என்கிற டிரைவர் போட்ட அணிக்கு 7.4-லேயே 7 வோல்ட் போயிருக்கும். அளக்க வேண்டியது மோட்டார் முனையில். இவர்கள் பேட்டரியில் அளந்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை வரிசையில் 1என்5408 டயோடு இரண்டு போடுங்கள். ஒன்றுக்கு 0.7 குறையும். 1என்4007 டயோடு வேண்டாம், அது 1 ஆம்பியர்தான். சக்கரம் இரண்டும் எங்காவது சிக்கி நின்றால் கரண்ட் ஏறும், அது தாங்காது. அப்புறம், சும்மா வைத்து அளந்தால் டயோடு அவ்வளவு குறைத்துக் காட்டாது. சக்கரத்தைச் சுற்றவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

வெண்ணாற்று வாத்தியார்:
எல்298என்தான் அண்ணே, அந்தச் சிவப்புப் பலகை. இன்று சாயங்காலம் அளந்தோம். பேட்டரியில் 8.2, மோட்டார் முனையில் 6.1. அந்தப் பெண் கழித்துப் பார்த்துவிட்டு, "அப்போ நம்ம வண்டிதான் சார் மெதுவா ஓடுற வண்டி" என்றாள். அவள் எழுதிய தாளைப் படம் எடுத்துப் போட்டி நடத்தியவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். டயோடு உங்கள் கடையில் இருக்கிறதா? சனிக்கிழமை வருகிறேன்.