ஸ்ப்ளெண்டர் பைக்குக்கு எந்த இன்ஜின் ஆயில், 10டபிள்யூ-30ஆ, 20டபிள்யூ-40ஆ? மேனுவல் ஒன்று சொல்கிறது, மெக்கானிக் ஒன்று சொல்கிறார்

நெல்லைக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2018 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ், அறுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. புத்தகத்தில் இன்ஜின் ஆயில் 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறது. தெருமுனை மெக்கானிக் அண்ணனோ, "நம்ம ஊர் வெயிலுக்கு அதெல்லாம் தண்ணி மாதிரி ஓடிரும், 20டபிள்யூ-40 ஊத்துங்க, சத்தமே வராது" என்கிறார். இதுக்கு நடுவுல மாமா வேற, காருக்கு வாங்கிய ஃபுல் சிந்தடிக் ஆயில் ஒரு லிட்டர் மீந்திருக்கு, விலை உயர்ந்த சரக்கு, அதையே ஊத்துடா என்று கையில் கொடுத்துவிட்டார். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட் வரை போய் வருகிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், வண்டி சூடானதும் போய்விடும். எதை ஊற்றலாம்?

ஸ்பேனர்14:
மாமா கொடுத்த டப்பாவை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவர் கார் அடுத்த சர்வீஸில் குடித்துக்கொள்ளும்.

காரில் கிளட்ச் தனியாக, காய்ந்த நிலையில் இருக்கிறது. நம்ம வண்டியில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான், கிளட்ச் பிளேட் அந்த ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். கார் ஆயிலில், அதிலும் கடைசியில் 20, 30 என்று முடியும் கிரேடு ஆயிலில், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்த்திருப்பார்கள். அது பிளேட்டில் ஏறினால் கிளட்ச் வழுக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இதுக்காகத்தான் ஜப்பான்காரன் 1998ல் ஜாசோ என்று தனி அளவுகோலே கொண்டுவந்தான். கியர் வண்டிக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு, ஆக்டிவாவில் ஊற்றுவது. டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

கொண்டைஊசி_36:
கிரேடு விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15லும் வைத்து, ஸ்டார்ட் செய்யும்போது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று சோதிப்பார்கள். நெல்லையில் அந்தக் குளிருக்கு வேலையில்லை, அது சரி. ஆனால் காலை 25 டிகிரியிலும் 10டபிள்யூ-30 சீக்கிரம் மேலே ஏறி, வால்வைத் திறந்து மூடுகிற ராக்கர், கேம் பக்கம் போய்ச் சேரும், 20டபிள்யூ-40 கொஞ்சம் சோம்பும். உங்கள் சத்தமே காலை சத்தம்தான் என்பதால் இதை யோசியுங்கள்.

பின்னால் வரும் 30, 40 எல்லாம் 100 டிகிரி சூட்டில் இருக்கிற கெட்டித்தன்மை. வெளியே வெயில் 32 ஆனாலும் 41 ஆனாலும் இன்ஜினுக்குள்ளே இருக்கும் சூடு வேறு கணக்கு, "தண்ணி மாதிரி ஓடிரும்" என்பது கையில் தொட்டுப் பார்த்துச் சொல்வது. 100 சிசி வண்டிக்குக் கெட்டி ஆயில் என்றால் முதலில் அடி வாங்குவது மைலேஜ். டிக் டிக் சத்தத்துக்கு டேப்பெட் இடைவெளியை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிற சந்தை, செக் செய்யச் சொல்லுங்கள், வண்டி ஆறியிருக்கும்போது. சத்தத்தை ஆயிலால் மூடுவது வைத்தியம் இல்லை.

பழையபுல்லட்:
எல்லாரும் மெக்கானிக்கைப் போட்டுத் தாக்குகிறீர்கள். தூத்துக்குடி ரோட்டில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மூட்டையோடு, டபுள்ஸோடு போகிறவன் 20டபிள்யூ-40 ஊற்றி லட்சம் கிலோமீட்டர் ஓட்டுகிறான், எவன் இன்ஜினும் வெடிக்கவில்லை. தேய்ந்த பழைய இன்ஜின், ஆயில் குடிக்கிறது என்றால் கொஞ்சம் கெட்டியாகப் போடுவதில் தப்பே இல்லை.

கொண்டைஊசி_36:
அண்ணே, வெடிக்கும் என்று யார் சொன்னது? ஆயில் குடிக்கிற வண்டிக்கு நீங்கள் சொல்வது சரிதான், அதற்கும் நான் நடுவில் 10டபிள்யூ-40 பார்ப்பேன். இவர் வண்டி குடிக்கிறதா என்று முதலில் தெரியட்டும். நெல்லைக்காரரே, ஆயில் அளவு பார்க்கிற குச்சியை, அதான் டிப்ஸ்டிக், கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நெல்லைக்காரன்:
உண்மையைச் சொன்னால், அதை மெக்கானிக்தான் பார்ப்பார் என்று இருந்தேன். மாற்றியது 6000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, புத்தகத்தில் உள்ளபடி.

ஸ்பேனர்14:
அதே புத்தகத்தில் நடுவில் 3000ல் அளவு பார்த்து டாப்அப் செய்யச் சொல்லியிருப்பான், அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், அதில் கால்வாசி குறைந்தாலே மிச்சம் இருக்கிற ஆயில் இரட்டை வேலை பார்க்கும். கிரேடு சண்டையைவிட இது பெரிய விஷயம்.

இப்படிப் பாருங்கள். சமதரையில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்து, மறுபடி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுங்கள். திருகி எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் போதும். கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், அழுக்கை இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை இறக்கிவிடுங்கள்.

அப்புறம் பழைய ஆயிலை இறக்க அடியில் கழற்றுகிற டிரெயின் போல்ட். அலுமினிய மரை, ஆள் பலத்தைக் காட்டி இறுக்கினால் போய்விடும். வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சீல் உடைப்பதை நீங்களே நின்று பாருங்கள், காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் அதே டப்பா வேறு சரக்கோடு கடைக்கு வந்துவிடும்.

நெல்லைக்காரன்:
பார்த்தேன். குச்சியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. 10டபிள்யூ-30 எம்ஏ2, சிந்தடிக் இல்லாத மினரல் ஆயில் வாங்கி மாற்றியாச்சு, டேப்பெட்டும் பார்த்தாச்சு, காலையில் சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இனி மாதாமாதம் அளவு பார்க்கிறேன், குறைந்துகொண்டே போனால் பழையபுல்லட் அண்ணனிடம் வருகிறேன். இறக்கிய பழைய ஆயிலைச் செயினுக்கு விடலாமா?

பழையபுல்லட்:
வேண்டாம்ப்பா, அதில் இரும்புத் தூளும் கரியும்தான் இருக்கும், செயினை அரைத்துவிடும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும். பழசை மெக்கானிக்கிடமே கொடு, டிரம்மில் சேர்த்து வைத்திருப்பார், எடுக்க ஆள் வரும். சாக்கடையில் மட்டும் ஊற்றாதே.