மறுமொழி: மேசைமேல் ஆடும் கோல்ஃபுக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். கோல்ஃபுக்குத் தமிழில் குழிப்பந்து; அதை மேசையளவுக்குச் சுருக்கிய ஆட்டத்துக்குப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது, பிடித்த இடங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

> “மேசைக் குழிப்பந்து” என்று வைத்துவிடலாமே. மேசைப்பந்து ஏற்கெனவே இருக்கிறது, அதே வார்ப்பு.

வார்ப்பு சரிதான். ஆனால் சொல்லை மட்டும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். மேசை, அதில் குழி, குழிக்குள் பந்து: பில்லியர்ட்ஸ்! நான் இரண்டு பேரிடம் கேட்டேன்; இருவருமே ஒரு கண்ணை மூடிக் கோல் பிடித்துக் காட்டினார்கள்.

> அப்படியானால் குறுங்குழிப்பந்து?

அது மினி கோல்ஃபுக்குப் பொருத்தம். அங்கே குறுகியது களம் மட்டும்; பந்து, மட்டை, ஆள் எல்லாம் முழு அளவு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-லேயே பெண்கள் கழகம் ஒன்று உருட்டி மட்டுமே ஆடும் களத்தை வைத்துக்கொண்டது. ‘குறு’வை அந்த வகைக்கே விட்டுவிடுவோம். நாம் தேடுவது எல்லாமே சுருங்கிய ஆட்டத்துக்கான பெயர்.

எல்லாமே என்றேன், அது முழு உண்மையில்லை. கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மி.மீ., எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது. குழியின் விட்டம் 108 மி.மீ.; இது 1891-இல் நிலையானது. பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் பந்து 4 மி.மீ. மிளகு போல ஆகிவிடும், எடை ஆயிரத்தில் ஒரு பங்கு. துணியில் கிடக்கும் ஒரு முடி போதும், அதன் வழியைத் திருப்ப. அதனால் நான் 8 மி.மீ. பேரிங் குண்டுக்குப் போனேன். எடை 2 கிராம், குழி 20 மி.மீ. குழிக்கும் பந்துக்குமான விகிதம் அசலைப் போலவே இரண்டரை.

சுருங்காதது புவியீர்ப்பு. குழியின் வாயைக் கடப்பதற்குள் பந்து தன் ஆரத்தின் அளவாவது கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் எதிர் விளிம்பில் இடித்துத் துள்ளிவிடும். அளவு ஐந்தில் ஒன்றானால் குழி ஏற்கும் வேகம் ஐந்தில் ஒன்றாவதில்லை, பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகிறது. அந்த வேகத்தில் விட்ட பந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் நிற்க வேண்டுமானால், அடியில் இருக்கும் பரப்பு புல்தரை இழுக்கும் அதே அளவுக்கு இழுக்க வேண்டும். வெறும் ஒட்டுப்பலகையில் என் குண்டு நிற்கவே இல்லை, விளிம்பைத் தாண்டி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. ஃபெல்ட் துணி ஒட்டிய பிறகுதான் ஆட்டம் ஆட்டமாயிற்று.

ஆக, இந்த விளையாட்டை வடிவமைப்பது என்றால் பெரும்பாலும் பலகையைச் செய்வதுதான். அதனால் என் முன்மொழிவு பலகைக் குழிப்பந்து. கேரம் பலகை நமக்குப் பழக்கம், பில்லியர்ட்ஸ் குழப்பமும் வராது. பகடை உருட்டித் தாளில் ஆடும் வகைக்குப் பகடைக் குழிப்பந்து என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தில் பந்து விழும் ஓட்டைக்கும், தொடக்கம் முதல் அந்த ஓட்டை வரையிலான முழுப் பகுதிக்கும் ஒரே சொல். அதை அப்படியே ‘குழி’ என்று எடுத்தால் “மூன்றாம் குழியில் குழிக்கு முன்னால் ஒரு மேடு” என்று எழுத வேண்டிவரும். இங்கே ஒவ்வொரு பகுதியும் தனிப் பலகைதானே? மூன்றாம் பலகையில், குழிக்கு முன்னால் ஒரு மேடு. முடிந்தது.

> ஸ்ட்ரோக்குக்கு ‘அடி’ போதாதா?

மட்டையால் பந்தை ஒருமுறை அடிப்பதுதான் ஸ்ட்ரோக்; அதற்கு ‘அடி’ போதாது. என் விதித்தாளில் “மூன்று அடியில் முடிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தேன். படித்த நண்பர் அளவுகோலை எடுத்து வந்து பலகையை அளந்தார். தட்டு என்று மாற்றிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஒரு பகுதியை இத்தனை தட்டில் முடிக்கலாம் என்று வகுத்த எண்ணிக்கைக்கு ஆங்கிலத்தில் ‘பார்’. ‘பார் 3’ இன்னும் மோசம், மூன்றாவது விதியைப் பார் என்றே எல்லோரும் படித்தார்கள். அதற்கு நான் வைத்த சொல் ‘ஈடு’: ஈடு 3, ஈட்டுக்கு ஒன்று குறைவு, ஒன்று கூடுதல். ஈட்டுக்குக் குறைவானவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள பர்டி, ஈகிள் போன்ற பறவைப் பெயர்களைத் தமிழாக்க நான் தயாரில்லை.

களத்தில் பந்தைச் சிக்கவைக்கும் மணற்குழியில் ‘குழி’ மறுபடி தலைகாட்டுகிறது, ஆகவே வெறும் மணல். செய்வது என்னவோ உப்புத்தாளில்தான்.

> பரப்பின் வேகத்தை அளக்க ஒரு சொல் வேண்டுமே?

உருள்நீளம் என்கிறேன். ஸ்டிம்ப்மீட்டர் என்கிற கருவியில் பந்து ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் 76 செ.மீ. இறங்கிப் புல்லில் ஓடும். ஓடி நின்ற தூரமே அளவு. பந்து 3 மீட்டர் ஓடும் களத்தை ஐந்தில் ஒன்றாக்கினால், அதே சாய்வில் 15 செ.மீ. இறங்கிய குண்டு 60 செ.மீ. ஓடி நிற்க வேண்டும். நடுவில் பள்ளம் உள்ள அளவுகோலை முட்டுக்கொடுத்துச் சாய்த்தால் கருவி தயார். கூடுதலாக ஓடினால் துணி வழுக்கல், மாற்றுங்கள்.

மிச்சம் இருப்பது ‘டீ’, அதாவது முதல் தட்டுக்குப் பந்தை வைக்கும் இடம். “பந்தை டீயில் வைக்கவும்” என்று நான் எழுதப்போவதில்லை. பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தை எடுப்பு என்கிறோமே, அதையே இங்கும் வைக்கலாம் என்று தோன்றுகிறது: பந்தை எடுப்பில் வை.

> பந்தை வைக்கிற இடத்துக்கு எடுப்பா?!

நியாயமான கேள்வி. ‘தொடக்கம்’ என்று வைத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஆனால் பலகையில் அந்தச் சின்ன வட்டத்துக்குள் எழுத இடம் போதாது. நான்கெழுத்துக்குள் வேறு சொல் கிடைக்கிறவரை எடுப்பு என்றே எழுதிவைக்கிறேன், பென்சிலில்.