மயிர்க்கொட்டி எண்டு எழுதினதுக்கு பதிவைத் தூக்கிப்போட்டுது, உங்களுக்கும் இப்பிடி நடந்திருக்கோ?

முருங்கையடி:
போன மாரிக்கு எங்கட வளவு முருங்கையில மயிர்க்கொட்டி வந்து அடிமரம் முழுக்க அப்பிக்கொண்டு கிடந்தது, மரப்பட்டையே தெரியேல்லை, அம்மான்ர கையில பட்டு முழங்கை வரைக்கும் தடிச்சுப் போச்சு. பந்தம் கொளுத்திச் சுடலாமெண்டா பக்கத்தில கிடுகு வேலி, பயம். வேற வழி இருக்கோ எண்டு ஒரு தோட்டக் குறூப்பில கேட்டன், போட்ட கையோட "தகாத சொல்" எண்டு தூக்கிப்போட்டுது. திரும்பப் போட்டன், திரும்பவும் தூக்கினது, மூண்டாந்தரம் ஒரு கிழமைத் தடை.

பிறகுதான் விளங்கினது, முன்னால இருக்கிற மூண்டு எழுத்துத்தான் பிரச்சினை. தமிழ்நாட்டில அது ஏச்சு, அங்க இந்தப் பூச்சிக்கும் கம்பளிப்பூச்சி எண்டுதான் பேர். எங்களுக்கு அப்பிடியில்லையே, சலூனில போய் இருந்து தலைமயிர் வெட்டோணும் எண்டுதானே சொல்லுறம். மெசினுக்குக் குடுக்கிற அந்தத் தகாத சொல் பட்டியலைச் செய்தவை எங்கட ஆள் ஒருத்தரையாவது கேட்டிருக்கலாம். 969ம் குறளும் "மயிர்நீப்பின்" எண்டுதான் துவங்குது, அதையும் தூக்குமோ? 1996ல இங்கிலாந்தில ஸ்கன்தோர்ப் எண்ட ஊர்ச் சனத்துக்கு ஏஓஎல் எண்ட இன்ரநெற் கொம்பனியில கணக்குத் திறக்கேலாமப் போனது, ஊர்ப்பேருக்குள்ள ஒரு கெட்ட வார்த்தை கிடந்ததாலதான். இவ்வளவு வருசமாகியும் அதே பிழை.

கிணத்தடி:
எனக்கு புண்டரீகம். தாமரைக்குப் பழைய பேர். அம்மாளாச்சியின்ர திருவிழாவுக்கு எழுதின கட்டுரையைப் போட்டா அந்தச் சொல்லு நிண்ட இடமெல்லாம் நட்சத்திரம், வாசிக்கிற சனம் நான் என்னத்தை எழுதினன் எண்டு நினைச்சிருக்குமோ, மனசு நொந்து போச்சு.

பனங்கூடல்:
ஏசுறவை தப்பிடுவினம் அண்ணை. எழுத்துக்கு இடையில புள்ளி வைப்பினம், இல்லாட்டி இங்கிலீஸ் எழுத்தில தமிழை அடிப்பினம். "கொ" வில க வோட வாற ஒகரக் குறியை ஒரே குறியீடாவும் வைக்கலாம், கொம்பையும் அரவையும் தனித்தனியாச் சேர்த்தும் வைக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு, மெசினுக்கு வேற வேற, அதைச் சமப்படுத்தாமல் தேடினா ஒண்டு பிடிபடும் மற்றது போயிடும்.

அதைவிட எனக்குத் தாங்கேலாமப் போனது வேற. என்ர மருமேள் ஏ.எல் (உயர்தரச்) சோதினை றிசல்ட் வந்தண்டைக்கு படம் போட்டவள், கீழ ஒருத்தன் "உங்கட பக்கத்துப் பிள்ளையளுக்கு உதெல்லாம் எதுக்குத் தங்கச்சி" எண்டு எழுதியிருந்தான். அவன் எந்தப் பக்கத்தைச் சொல்லுறான் எண்டு ஊரில சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனா அதில ஒரு கெட்ட வார்த்தை இல்லை, மரியாதையா தங்கச்சி வேற. நாங்கள் ஏழெட்டுப் பேர் ரிப்போட் அடிச்சும் அசையேல்லை, மூண்டாம் நாள் பிள்ளை தன்ர படத்தை அழிச்சிட்டாள்.